இரண்டாம் படி

வகுப்பில் முதலாவதாகத் தேறிய ஒரு பையனை அழைத்து, "சபாஷ்! ஆனால் அடுத்த வருஷமும் நீ இதே வகுப்பில்தான் உட்கார வேண்டும்" என்று வாத்தியார் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனை வாழ்த்துவதா, அவனுக்காக வருந்துவதா? வாழ்த்தினால் கேலி செய்வது போல் இருக்கும். வருந்தினாலோ, அவன் விழுந்து விழுந்து படித்த படிப்பையே வீண் என்று சொன்னதாகிவிடும்.

இந்தக் கேள்வி எனக்குள் புகுந்தது கால்பந்தாட்டத்தின் வழியாக. ஆட்டத்தின் நுணுக்கங்கள் எனக்கு அதிகமாகத் தெரியாது. ஆனால் மனிதர்கள் எதற்காக ஓடுகிறார்கள் என்று பார்ப்பது கதை எழுதுகிறவனின் தொழில் அல்லவா? அந்த வகையில் 2018-19ஆம் வருஷத்து ஐ-லீக் பந்தயம் என்னை வெகு நாள் விடவில்லை.

அந்தப் பருவத்தில் மொத்தம் 11 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 20 ஆட்டங்கள். அவற்றில் ஒன்று சென்னை சிட்டி. 1946ல் நுங்கம்பாக்கத்தில் ஒரு சிறிய சங்கமாகத் தொடங்கியது இது. சென்னையின் பெயரைச் சுமந்த இந்த அணிக்கு அந்த வருஷம் சொந்த மைதானம் கோயம்புத்தூரில். சென்னையில் இருக்கும் அபிமானி தன் ஊர் அணியைப் பார்ப்பதற்கு 500 கிலோமீட்டர் ரயில் பிரயாணம் செய்தாக வேண்டும். சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து சில ஆட்டக்காரர்கள். உருகுவேயில் பிறந்த பெத்ரோ மான்சி என்பவர் ஒருவரே அந்தப் பருவத்தில் 21 கோல் போட்டார். அவர்களோடு தமிழ்நாட்டுப் பையன்கள். அணியில் எவருடைய பெயரும் பருவத் தொடக்கத்தில் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்ததில்லை.

2018 அக்டோபர் 26ந் தேதி முதல் ஆட்டம். கடைசி ஆட்டம் 2019 மார்ச் 9ந் தேதி. அன்று காலையில் சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகள். கல்கத்தா ஈஸ்ட் பெங்காலுக்கு 39. ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் இரண்டு ஆட்டங்கள். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோயம்புத்தூரில் சென்னை. இங்கே எதிரி, முந்திய வருஷத்துச் சாம்பியனான மினர்வா பஞ்சாப். ஆரம்பித்த மூன்றாவது நிமிஷத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. பாதி ஆட்டம் வரை அதே நிலை. சொந்த ஜனங்களின் முன்னால் கைக்கு எட்டியது நழுவிக்கொண்டிருந்தது. பிறகு மான்சி ஒரு பெனால்டியைக் கோலாக்கினார். அஸ்ஸாமைச் சேர்ந்த கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர் அடுத்ததைப் போட்டார். அங்கே ஈஸ்ட் பெங்காலும் ஜயித்தது, ஆனால் பிரயோஜனமில்லை. 43க்கு 42. ஒரே ஒரு புள்ளியில் சென்னை சிட்டி சாம்பியன்.

சரி, சாம்பியன் ஆயிற்று. பிறகு?

ஆசியப் போட்டி ஒன்றின் வாசல் திறந்தது உண்மை. 2020 ஜனவரியில் ஆமதாபாத்தில் பஹ்ரைன் நாட்டு அணியிடம் ஒரு கோலில் தோற்று அந்த வாசலிலிருந்து திரும்பினார்கள். ஆனால் அது வெளி வாசல். சொந்த நாட்டில் மேலே செல்வதற்கு வாசலே கிடையாது. 2014ல் தொடங்கிய ஐ.எஸ்.எல். என்ற மற்றொரு பந்தயம் இருந்தது. அதில் அணிகள் பணம் கட்டி இடம் பெற்றவை. எத்தனை தோற்றாலும் அவை கீழே இறங்க வேண்டியதில்லை. ஐ-லீக்கில் எத்தனை ஜயித்தாலும் மேலே ஏற முடியாது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுகள் என்று அது வரையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சென்னை சிட்டி கோப்பை வாங்கிய ஏழாவது மாதம், அதாவது 2019 அக்டோபரில், ஆசியக் கால்பந்துச் சம்மேளனத்தின் ஒப்புதலோடு தீர்மானமாகிவிட்டது: ஐ.எஸ்.எல். முதல் படி, ஐ-லீக் இரண்டாம் படி. கீழேயிருந்து ஜயித்தவன் மேலே வரும் வழி 2022-23க்குப் பிறகுதான் என்றார்கள்.

இரண்டாம் படி என்பதில் இழிவு ஒன்றும் இல்லை. நான் தாம்பரத்துக்காரன், இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. 1931ல் கடற்கரையிலிருந்து புறப்பட்ட மின்சார ரயில் எங்கள் ஊரோடு நின்றது. 1937ல் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே குடியேறியது. ஆயினும் வெளியூர்க்காரர் கேட்டால் "சென்னைக்குப் பக்கம்" என்றுதான் நாங்கள் விலாசம் சொல்வோம். 2021ல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலியவற்றையும் சேர்த்துத் தாம்பரத்தை மாநகராட்சியாக உயர்த்தினார்கள். மறுநாள் காலையில் பால் அதே நேரத்தில்தான் வந்தது. குயில் அதே மரத்தில்தான் கூவியது. ஆனாலும் அன்று ஒரு கடிதத்தில் விலாசம் எழுதியபோது என் முதுகு சற்றே நிமிர்ந்ததை நான் மறைக்க மாட்டேன். அந்தஸ்து பொய் என்று சொல்வது சுலபம்; அது தன் வீட்டுக்கு வரும்போது அப்படிச் சொல்வது கஷ்டம்.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். நகரத்து லீக்கில் ஏதோ ஒரு கீழ் டிவிஷன் அணிக்கு ஆடுகிறான். விடியற்காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவான். அவன் தகப்பனார் ஓய்வு பெற்றவர், கணக்கில் கெட்டிக்காரர்.

"ரயில்வேயிலோ ஐ.சி.எஃப்.பிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் உத்தியோகம் கிடைத்தால் சரி, சார்" என்றார் ஒரு நாள். "அதற்கு மேல் இந்த ஆட்டத்தால் என்ன லாபம்? நம் அணி நாட்டிலேயே முதலாவதாக வந்தது. வந்து என்ன ஆச்சு? மேலே கதவையே காணோமே!"

பையனைத் தனியாகக் கேட்டேன்.

"ஆடும்போது கதவு ஞாபகம் வருவதில்லை, மாமா. ஆட்டம் முடிந்து பூட்ஸைக் கழற்றும்போதுதான் வருகிறது" என்றான்.

பலனைக் கருதாமல் கடமையைச் செய் என்ற பழைய உபதேசம் என் நாக்கு நுனி வரையில் வந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்ததில்தான் விஷயம் எனக்குக் கொஞ்சம் தெளிவாயிற்று.

அந்த உபதேசத்தை நாம் மேற்கோள் காட்டும்போது இரண்டு சங்கதிகளை மறந்துவிடுகிறோம். முதலாவது, அதைக் கேட்டவன் கையில் வில் இருந்தது. எதிரே ராஜ்யமும் இருந்தது. ஜயித்தால் பூமியை ஆளலாம் என்ற ஆசையையும் அதே கீதை அவனுக்குக் காட்டத் தவறவில்லை. இரண்டாவது, சொன்னவன் மாடியில் சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு சொல்லவில்லை. அவனும் அதே தேரில், எதிரியின் அம்புகளுக்கு முன்னால், கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆகவே "பலனைக் கருத மாட்டேன்" என்பது ஒருவன் தனக்குத் தானே செய்துகொள்ளும் பிரதிக்ஞையாக இருந்தால், அதைவிட உயர்ந்தது இல்லை. அதையே இன்னொருவனைப் பார்த்து, அதுவும் பலன் முழுவதையும் பெட்டியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னால், அதற்குப் பெயர் உபதேசமா? நம் வீடுகளில் மருமகளிடம் சொல்லியிருக்கிறோம், வேலைக்காரியிடம் சொல்லியிருக்கிறோம். "நீ நல்ல மனசோடு செய், பேரும் புகழும் எதற்கு?" பேரும் புகழும் வேண்டாதவர்கள் என்று நாம் கண்டுபிடிப்பவர்கள் எல்லாரும் எப்போதும் நமக்குக் கீழ்ப்படியில் இருப்பவர்களாகவே அமைந்துவிடுகிறார்கள்! கால்பந்து நிர்வாகத்திலும் இதே குரல்தான் கேட்டது: ஐ-லீக் நாட்டின் இளைஞர்களுக்கு நல்ல பயிற்சிக் களமாம். களம் சரி; களத்தில் விளைந்த நெல் யாருக்கு?

திறந்த கதவு எப்படி இருக்கும் என்று பார்க்க ஜெர்மனிக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே இரண்டாம் பிரிவு 1974ல் ஏற்பட்டது. இப்போது 18 அணிகள், 34 ஆட்டங்கள். முதல் இரண்டு அணிகள் மேலே போகும். மூன்றாவது அணி, மேல் பிரிவின் கடைசியிலிருந்து மூன்றாவதோடு மோதி இடத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அடியில் உள்ளவை இறங்கும். பணமோ பழம்பெருமையோ அங்கே சிபாரிசு செய்யாது. 1963ல் மேல் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து அதை விட்டு இறங்காமலே இருந்த ஒரே அணி ஹாம்பர்க். அந்தப் பெருமையைக் காட்ட மைதானத்தில் ஒரு கடிகாரமே வைத்திருந்தார்கள். 2018ல் இறங்கினார்கள். அடுத்த வருஷமே ஏறிவிடலாம் என்றுதான் எண்ணியிருப்பார்கள். ஏழு வருஷம் பிடித்தது!

அந்த ஏழு வருஷங்களில் 2023 மே மாதக் கடைசி ஆட்ட நாளைப் பற்றி அந்தப் பையன்தான் எனக்குச் சொன்னான். ஹாம்பர்க் தன் ஆட்டத்தை 1-0 என்று ஜயித்துவிட்டது. மற்றோர் ஊரில் ஹைடன்ஹைம் என்ற சிறு நகரத்து அணி 1-2 என்று பின்தங்கியிருந்தது. ஹாம்பர்க் அபிமானிகள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒலிபெருக்கியில் வாழ்த்துக்கூடச் சொல்லியாயிற்று. அங்கேயோ ஆட்டம் முடியவில்லை. கூடுதல் நேரத்தின் மூன்றாவது நிமிஷத்தில் ஹைடன்ஹைம் ஒரு கோல். ஒன்பதாவது நிமிஷத்தில் மற்றொரு கோல். சிறு நகரம் மேலே போயிற்று. பெருநகரம் புல்தரையில் உட்கார்ந்து அழுதது. பின்பு நடந்த மோதலிலும் ஹாம்பர்க் தோற்றது.

கொடுமைதான். ஆனால் அந்த அழுகையில் ஒரு கௌரவம் இருக்கிறது. அவர்களை யாரும் ஏமாற்றவில்லை. ஒன்பது நிமிஷம் அவர்களை வென்றது. 2025ல் அவர்கள் மேலே சென்றபோது, அதே பருவத்தில் எல்வர்ஸ்பெர்க் என்ற சின்னஞ்சிறு ஊர் அணி மூன்றாவதாக வந்து, மேல் பிரிவு அணியோடு மோதிக் கடைசி நிமிஷத்துக் கோலில் தோற்றது. மேலே இருந்து அவர்களைத் தோற்கடித்தது யார் தெரியுமா? அதே ஹைடன்ஹைம்!

நம் நாட்டிலும் கதவு திறந்தது; சொன்ன வருஷத்தில் திறந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2023ல் ஐ-லீக்கை ஜயித்த பஞ்சாப் அணி மேலே சென்றது; 2024ல் முகமதன் ஸ்போர்ட்டிங். 2025ல் மட்டும் யார் சாம்பியன் என்று தீர்மானிக்க முடியாமல் வழக்காகி, ஆட்டங்கள் ஏப்ரலில் முடிந்தும், ஸ்விட்ஸர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் ஜூலையில் தீர்ப்புச் சொன்ன பிறகே இன்டர் காசி சாம்பியன் ஆயிற்று. ஆட்டக்காரன் மார்ச்சில் போட்ட கோலுக்கு ஜூலையில் வக்கீல் கை தட்டுகிறார். இருக்கட்டும், மூடிய கதவுக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் சென்னை சிட்டிக்கு அது உதவவில்லை. ஒரு புள்ளியில் அவர்களிடம் தோற்ற ஈஸ்ட் பெங்கால், முதலாளி ஒருவர் கிடைத்து, 2020ல் மேல் பந்தயத்தில் இடம் பெற்றுவிட்டது. அதில் எனக்குப் பொறாமை இல்லை. 1920ல் பிறந்த சங்கம், லட்சக்கணக்கான ஜனங்களின் அன்பைப் பெற்றது. ஆயினும் தோற்றவன் ஏறினான், ஜயித்தவன் நின்றான் என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது? சென்னை சிட்டி 2020-21ல் பட்டியலின் கீழ்ப் பாதியில் முடிந்தது. 2021-22 ஐ-லீக் அணிகளில் அதன் பெயரே இல்லை.

ஆட்டக்காரர்கள் தனித்தனியாக ஏறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கன்னியாகுமரிக் கடற்கரையில் இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், சாம்பியன் ஆவதற்கு முந்திய பருவத்தில் சென்னை சிட்டிக்கு ஆடி, 2018ல் ஜாம்ஷெட்பூருக்கு, மேல் பந்தயத்துக்குப் போனார். சாம்பியன் அணியிலிருந்த சென்னைக்காரர் எட்வின் சிட்னி வான்ஸ்பால் 2019ல் சென்னையின் எஃப்.சி.க்குச் சென்றார். கெட்டிக்காரனை மேலே தூக்கிக்கொள்வார்கள். அவனோடு சேர்ந்து ஓடிய கூட்டத்தை அல்ல. மத்தியதர வர்க்கத்தவரான நமக்கு இது புதிதா? தெருவுக்கு ஒரு பிள்ளை அமெரிக்கா போகிறான். தெரு அப்படியே இருக்கிறது. நாம் அதையே முன்னேற்றம் என்று பெயரிட்டுத் திருப்தி அடைந்துவிட்டோம்.

தகப்பனாரின் கணக்கில் பிழை இல்லை. கதவு இல்லாத இடத்தில் பிள்ளையை ஓடச் சொல்ல எந்தத் தகப்பனாருக்கு மனம் வரும்? ஆனாலும் அந்தக் கணக்கில் அடங்காத ஒன்று அந்த மார்ச் 9ந் தேதி ஆட்டத்திலேயே இருக்கிறது. கௌரவ் போராவின் கோலில் சென்னை சிட்டி 2-1 என்று முந்தியதைச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு சமன் கோல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும், கோப்பை வீட்டில்தான். பின்னால் நின்று காவல் காக்க வேண்டியவர் அவர். தொண்ணூறு நிமிஷமும் கடந்துவிட்டது. கூடுதல் நேரத்தின் மூன்றாவது நிமிஷத்தில், புள்ளிக் கணக்கில் ஒன்றையும் கூட்டாத அந்த மூன்றாவது கோலையும் போட்டவர் அவர்தான்.