மனமும் புத்தியும்



கோணமாமலைக்கு மாணாக்கரை அழைத்துச் செல்வோர், மலையோரத்து இராவணன் வெட்டு என்னும் பாறைப்பிளவைக் காட்டி, தாயின் பூசைக்காக மலையைப் பெயர்க்க முயன்ற இலங்கைவேந்தன் வாளால் இட்ட வடு இது என்று கதை சொல்லித் திரும்புவது வழக்கம். யாமும் பல்லாண்டுகள் அவ்வளவே சொல்லி வந்தோம். அக்கதையில் ஆசிரியர்க்கென்றே ஒரு பாடம் கிடப்பதை யாம் கண்டது மிகப் பிந்தியே.

இராவணன் அறிவிற் குறைந்தவனா? வேதம் உணர்ந்தவன், வீணையில் வல்லவன், சிவபத்தியும் உடையவன். இக்காலத்துப் பரீட்சைகள் எதனை வைத்தாலும் முதற்பிரிவிற் சித்தியடைந்திருப்பான். அவனைக் கெடுத்தது வெகுளியும் தருக்கும். திருக்கயிலையை எடுக்கலுற்றுப் பெருமான் திருவிரலால் நெரிபட்டவன், பின்னர்ச் சாமகானம் பாடி, வாளும் வாழ்நாளும் பெற்றான். திருஞானசம்பந்தப் பிள்ளையார் தம் பதிகங்களிற் பெரும்பாலும் எட்டாந் திருப்பாட்டில் இச்செய்தியை வைத்தருளினர். நம் கோணமாமலைப் பதிகத்திலும் அவ்வாறே. மலையை எடுத்தபோதும் பாடியபோதும் அவனிடத்திருந்த கல்வி ஒன்றே. இடையில் அது வளரவுமில்லை, தேயவுமில்லை. மாறியது மனத்தின் நிலை.

நம் சித்தாந்தநூலார் அந்தக்கரணம் நான்கென வகுத்தனர். மனம் பற்றும், புத்தி நிச்சயிக்கும், அகங்காரம் யான் செய்வேன் என்று எழும், சித்தம் சிந்திக்கும். இவற்றுள் ஒன்று கலங்கின் மற்றையவும் கலங்குமென்பது பயிலாதார்க்கும் அனுபவத்தில் விளங்கும். கணக்கை நன்கறிந்த பிள்ளை பரீட்சை மண்டபத்தில் நடுங்கி ஒன்றும் எழுதாது வருதலை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம்.

மேல்நாட்டாரும் இதனை ஆராய்ந்தனர். ஸ்பியர்மன் என்னும் ஆங்கிலேயர் 1904இல், ஒரு பாடத்தில் வல்லவர் ஏனையவற்றிலும் பெரும்பாலும் வல்லவராதல் கண்டு, அனைத்திற்கும் அடியாய்ப் பொது அறிவாற்றல் ஒன்று உண்டென்றார். 1990இல் சலோவே, மேயர் என்னும் இருவர், தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் அறிந்து ஆளுதலும் ஓர் அறிவே என்று நிறுவ முயன்றனர். 1995இல் கோல்மன் எழுதிய நூல் அதனை உலகெங்கும் பரப்பியது. பரப்பியதோடு சிறிது மிகையும் கலந்துவிட்டதென்பது எம் கருத்து. இனிப் புத்தி வேண்டா, மனமே போதும் என்பார்போலப் பேசுவோர் ஆசிரியர் கருத்தரங்குகளிலும் உளர்.

ஆராய்ச்சி அவ்வாறு சொல்லவில்லை. தொழிற்றிறனை முன்னறிவதற்குப் பொது அறிவாற்றலே சிறந்த அளவுகோல் என்று 1998இல் ஷ்மிட், ஹண்டர் என்போர் பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்து உரைத்தனர். அம்மதிப்பு மிகுத்துக் கணிக்கப்பட்டதென 2022இல் சாக்கெட் முதலியோர் காட்டினர். ஆயினும் அது பொருளற்றதென்று அவரும் கூறிலர். எம்மை நிறுத்திச் சிந்திக்க வைத்தது, கோதே, மைனர்ஸ் என்போர் 2006இல் வெளியிட்ட ஆய்வு. பொது அறிவாற்றல் குறைந்தாரிடத்தே மனத்தைக் கையாளும் அறிவு தொழிற்றிறனுக்கு மிகுதியும் துணையாகின்றதென்றும், அறிவாற்றல் மிக்காரிடத்தே அத்துணை வேறுபாடு செய்வதில்லையென்றும் அவர் கண்டனர். ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்கின்றதென்க. 2010இல் ஜோசப், நியூமன் என்போர், மக்களோடு இடைவிடாது பழகி உணர்ச்சியை அடக்கியாளும் தொழில்களிலேயே அம்மனவறிவு பெரிதும் பயன்படுமென்றனர். பள்ளியாசிரியத் தொழில் அவற்றுள் ஒன்றன்றோ?

எம் குற்றமொன்றை ஈண்டுச் சொல்லவேண்டும். ஏறத்தாழ முப்பதாண்டுகளின் முன், யுத்தகாலத்தில், துறைமுகத்தை அடுத்த ஒரு பாடசாலையிற் புலமைப்பரிசில் வகுப்பைக் கற்பித்தோம். யாம் மிஷனரிமார் தாபித்த பள்ளியிற் பயின்றவர்; ஒழுங்கும் நேரமும் புள்ளியும் எமக்கு உயிர். மீன்பிடிகாரர் ஒருவரின் மகன், பத்து வயதினன், பின்னக் கணக்குப் புகாதவன், பின்வாங்கில் இருந்தான். ஒருநாள் வெடியோசை எழுந்தது. யாம் கையில் வெண்கட்டியோடு செய்வதறியாது நின்றோம். அப்பையனோ கீழ்வகுப்புக் குழந்தைகளைச் சுவரோரமாய் இருத்தி, கல் விளையாட்டுக் காட்டி, அழுதவளை மடியில் வைத்திருந்தான். அன்று அவனைப் பாராட்டினோமில்லை. அடுத்த வாரம் ஏழாம் வாய்பாடு பிழைத்தபோது, "உன் மூளை கடலுக்குத்தான் சரி" என்று வகுப்பறிய உரைத்தோம். பிள்ளைகள் சிரித்தனர். அவன் அத்தவணையோடு நின்றுவிட்டான்.

அச்சொல்லைச் சொன்ன யாம் எழுத்தறிவிற் குறைந்தோமல்லோம். அந்தக்கரணம் நான்கையும் அன்றே மனப்பாடமாய் ஒப்புவிக்க வல்லோம்.

இங்ஙனஞ் சொல்வதால் பாடத்தைத் தளர்த்துக என்பது எம் கருத்தென்று கொள்ளற்க. நாவலர் பெருமான் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபோது, பத்தி மாத்திரம் போதுமென்று இருந்தாரல்லர். பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். 1920களில் நம் திருகோணமலை இந்துக்கல்லூரியின் பொறுப்பேற்றிருந்த விபுலாநந்த அடிகளோ மிஷன் கல்லூரியிற் பயின்று விஞ்ஞானம் கற்பித்தவர். இசைச்சுருதிகளைக் கணிதத்தால் அளந்து 1947இல் யாழ்நூல் தந்தவர். துறவியாய் வீடு வீடாகப் பிச்சையேற்று வாழத்தக்க அவர், அனாதைப் பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும் தேடி அலைந்தார். புத்தியும் மனமும் ஒருவரிடத்தே பகையின்றி வாழ்ந்தமைக்கு இதனினும் அணிய சான்று யாம் அறியோம்.

அப்பையனை யாம் மீளக் கண்டது சென்ற தை மாதம். இப்பொழுது படகொன்றின் தண்டயல். பிள்ளைப்பருவத்தில் புகாத கணக்கை எரிபொருட் செலவிலும் பங்கு பிரிப்பிலும் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டானாம். காற்றுக் கெட்ட நாளில் இளையவர்கள் அவன் முகத்தைப் பார்த்தே அஞ்சாது வலை இழுப்பரெனத் துறையிலுள்ளார் சொல்கின்றனர். மகளை எம் பள்ளியிற் சேர்க்க வந்திருந்தான். பழைய சொல்லை அவன் எடுக்கவில்லை. யாமே எடுத்து மன்னிப்பு வேண்டினோம். சற்றுநேரம் கடலைப் பார்த்தபடி நின்றான்.

"அதை விடுங்கோ சேர். இவளும் கணக்கிலை என்னைப் போலத்தான். ஆனா ஆரும் அழுதால் பொறுக்கமாட்டாள்" என்றான்.

முதற்றவணை முடிந்தது. அச்சிறுமியின் தேர்ச்சி அறிக்கையில் கணிதத்துக்கு நேரே 38 என்று எழுதியாயிற்று. மாலைதோறும் அவளை நிறுத்திப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். புளியங்கொட்டைகளைக் கூறிட்டு வைத்தால் விளங்குகின்றது. அறிக்கையின் அடியில் ஆசிரியர் கருத்து என்று ஒரு வரி உண்டு. அதனை எழுதமுன், அவள் இடைவேளையில் யாருடன் இருக்கின்றாள், என்ன செய்கின்றாள் என்று ஒரு கிழமை பார்த்துவர எண்ணியுள்ளோம்.