கடன்வாங்கிய சொற்கள்

செங்கல்பட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம் வினவினாள்: "சாமி, தமிழ்த் தேர்வில் 'இக்கவிதையில் உன்னைக் கவர்ந்தது யாது?' என்று கேட்டிருந்தார்கள். உரைநூலில் மனப்பாடம் செய்ததை எழுதி முழு மதிப்பெண் பெற்றேன். உண்மையில் எதுவும் என்னைக் கவரவில்லை. இது பொய்யா?"

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம் என் நினைவுக்கு வந்தது. 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் செதுக்கியது. அங்கே ஒற்றைக்காலில் தவம் புரிபவன் அர்ச்சுனனா, பகீரதனா என்று அறிஞர் இன்றும் வழக்காடுவர். அதே பாறையில் பூனையொன்றும் கைகளை உயர்த்தித் தவம் புரிகிறது, அருகில் எலிகள். கோலம் ஒன்றே, உள்ளம் வேறு.

ஆனால் இம்மாணவி ஏமாற்றியது எவரை? திருத்துபவர் அவ்விடையை நூறு தாள்களில் கண்டிருப்பார். ஏமாந்தது அவள் உள்ளமே. 'எனக்கு எது பிடிக்கிறது?' என்று கேட்கவே அது மறந்துவிடும்.

மனப்பாடம் குற்றமன்று. மழலையில் நாம் கற்ற செபங்களும் கடன்வாங்கிய சொற்களே. வாழ்வு பின்னர் அவற்றிற்குப் பொருள் தருகிறது. உணராததை 'உணர்ந்தேன்' என்பதே பிழை.

இதைச் சொல்ல வாயெடுத்தேன். ஒரு நூலிலிருந்து எடுத்து, என் சொந்த அனுபவம்போல் முந்தின ஞாயிறு நான் ஆற்றிய மறையுரை குறுக்கே நின்றது.

"பொய்தான், மகளே. எனக்கும் அப்பழக்கம் உண்டு" என்றேன்.