தவறிய சீலத்தை மீண்டும் ஏற்பது பொய்யாகுமோ?



சென்ற பௌர்ணமி உபோசதத்தன்று நமது விகாரையில் பஞ்சசீலம் ஓதப்பட்டபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒருவர் நான்கு சீலங்களை உரக்கச் சொல்லி, ஐந்தாவது வந்தவுடன் வாய் மூடித் தலை கவிழ்ந்தார். கூட்டம் கலைந்தபின் அவரை அணுகிக் காரணம் வினவினேன்.

"ஐயா, சம்பளம் வாங்கிய சனிக்கிழமை இரவு குடித்துவிட்டேன். மது அருந்தேன் என்று பகவான் திருவுருவின் முன் சொல்லிவிட்டுக் குடித்தவன், இன்று மறுபடியும் அதையே சொன்னால், குடித்த குற்றத்தோடு பொய் சொன்ன குற்றமும் சேராதா? ஒரு சீலத்தை முறித்தவன் இரண்டாவதையும் முறிக்க வேண்டாம் என்றுதான் வாய் மூடினேன்" என்றார்.

இஃது ஏளனம் செய்து ஒதுக்கத்தக்க வினா அன்று. நேர்மையுள்ள நெஞ்சில்தான் இவ்வினா எழும். மதுவை விட்டவருக்கு மட்டுமன்றி, புகையிலையை விட்டவர், சூதாட்டத்தை விட்டவர், மனைவி மக்கள்மேல் கை ஓங்குவதை விட்டவர், அதிகாலை எழுந்து தியானத்தில் அமரத் தொடங்கியவர் ஆகிய எல்லோருக்கும் ஒருநாள் இவ்வினா வந்தே தீரும். ஆதலின் இதனை ஆராய்வோம்.

முதற்கண், நாம் சீலம் ஏற்கும்போது சொல்வது யாது? சிக்காபதம் என்கிறோம். சிக்கா என்பது பயிற்சி. பதம் என்பது அடி, படி. சமாதியாமி என்பது மேற்கொள்ளுகிறேன் என்பதாம். ஆகவே நாம் ஏற்பது ஒரு பயிற்சிப் படி. "இனி என் ஆயுளில் ஒருபோதும் வழுவேன்" என்று யாதொரு தெய்வத்தின் முன்னும் நாம் ஆணையிடவில்லை. வழுவாதிருக்கப் பழகுகிறேன் என்றே சொல்லுகிறோம். நடை பழகும் குழந்தை விழுந்தால் அது பொய்க் குழந்தை ஆகிவிடுமோ?

இரண்டாவதாக, பொய் எங்கே இருக்கிறது? சொல்லுக்கும் பின்னால் நடந்த செயலுக்கும் இடையே உள்ள வேறுபாடு மட்டுமே பொய் ஆகாது. சொல்லும் கணத்தில் உள்ள எண்ணத்திலேயே பொய் இருக்கிறது. பகவான் வினையை எண்ணத்தில் வைத்தே அளந்தார் அல்லவா? மாலையில் குடிக்கப் போவதென்று உள்ளே முடிவு செய்துகொண்டு காலையில் சீலம் ஓதுபவன் பொய்யன். உண்மையாய் விட நினைத்து ஓதி, பின்னர் பலவீனத்தால் வீழ்ந்தவன் வீழ்ந்தவனே அன்றிப் பொய்யன் அல்லன். அவன் செய்த குற்றம் ஒன்றே, இரண்டல்ல.

இவ்வளவு சொன்னால் வாதம் முடிந்துவிடும், மனிதன் எழமாட்டான். வீழ்ந்தவனைக் கெடுப்பது வாதம் அன்று, வெட்கம். அதனை நான் நூலில் படித்து அறியவில்லை, பட்டறிந்தேன்.

என் பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. நூற்பாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் நின்று, அவ்வாலை மூடப்பட்டபின் தம்மம் பேச வந்தவன் நான். இளமையில் குடித்தேன். பிறகு சீலம் ஏற்றுப் பதினொரு மாதம் ஒரு துளியும் தொடாதிருந்தேன். போனஸ் கொடுத்த நாளில் தோழர் நால்வர் அழைக்க, ஒரு மாலை வீழ்ந்தேன். ஒரே மாலை. மறுநாள் காலை, "இனி எந்த முகத்தோடு விகாரைக்குப் போவது? பதினொரு மாதமும் பாழாயிற்று. பாழான பின் ஒருநாள் என்ன, பத்துநாள் என்ன?" என்று எண்ணினேன். அவ்வெண்ணத்தினால் ஏழு மாதம் நாள்தோறும் குடித்தேன். ஐந்தாம் மாதத்தில் என் தாயார் காலமானார். கடைசியில் என்னை அருகில் அழைத்து அவர் ஏதோ சொன்னாராம். அதைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. என்ன சொன்னார் என்பதை இன்றுவரை நான் அறியேன்.

கணக்கிட்டுப் பாருங்கள். மது என்னிடமிருந்து பறித்தது ஒரு மாலை. வெட்கம் பறித்தது ஏழு மாதமும் என் தாயின் கடைசிச் சொல்லும்.

என்னை மீட்டவர் எங்கள் ஆலையில் எண்ணெய் விடும் வேலை பார்த்த ஒரு முதிய உபாசகர். ஒருநாள் என் இயந்திரத்தருகே வந்து நின்றார். அவர் ஏச வந்திருக்கிறார் என்றெண்ணித் தலை குனிந்தேன். அவரோ, "தம்பி, இழை அறுந்தால் நீ என்ன செய்வாய்?" என்று கேட்டார். "ஒட்டுவேன் ஐயா" என்றேன். "எப்போது?" என்றார். "அப்போதே" என்றேன். "அதைத்தான் கேட்க வந்தேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

ஆலை அறியாத அன்பர்களுக்காக இதனைச் சற்று விளக்குகிறேன். ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழலும். பஞ்சுத் திரி உருளைகளினிடையே இழுக்கப்பட்டு, மெலிந்து, முறுக்கேறி, நூலாகிப் பாபினில் சுற்றும். அப்போது இழை அறும். இழை அறாத நூற்பாலை உலகில் இல்லை. நூறு கதிருக்கு மணிக்கு எத்தனை இழை அறுகிறது என்று கணக்கெடுப்பதே ஆலைகளின் வழக்கம். அறுந்தவுடன் தொழிலாளி அந்த ஒரு கதிரை மட்டும் நிறுத்தி, பாபினில் நுனியைத் தேடியெடுத்து, முன்னுருளையிலிருந்து வரும் பஞ்சோடு ஒட்டிவிடுவான். சில நொடி வேலை. இழை அறுந்ததற்காகப் பாபின் முழுவதையும் குப்பையில் எறிபவன் இல்லை. முன்னர்ச் சுற்றிய நூல் நூலாகவே இருக்கிறது. ஆனால் ஒட்டாமல் விட்டாலோ, உருளை நிற்பதில்லை. பஞ்சு வந்துகொண்டே இருக்கும். நூலாக வேண்டியது கழிவாகும். உருளையில் சுற்றிக்கொண்டு பக்கத்து இழையையும் அறுக்கும். கேடு அறுந்ததில் சிறிது. ஒட்டாமல் விட்டதில் பெரிது.

நமது தம்ம நூல்களும் இதனையே காட்டுகின்றன. பிக்குகள் மது அருந்தலாகாது என்னும் விதி எவ்வாறு பிறந்தது? நாகம் ஒன்றை அடக்கிப் புகழ் பெற்ற சாகதர் என்னும் பிக்கு, கோசாம்பி நகர மக்கள் வீடுதோறும் அளித்த மதுவைப் பருகி, நகர வாயிலில் விழுந்து கிடந்தார். அவரைத் தூக்கி வரச் செய்த பகவான், நாகத்தை வென்றவர் இப்போது நீர்ப்பாம்பையேனும் வெல்ல இயலுமோ என்று சங்கத்தாரைக் கேட்டு, அதன்மேல் அவ்விதியை வகுத்தார். சாகதரைச் சங்கத்தினின்று துரத்தவில்லை. தேஜோதாது தியானத்தில் வல்ல சீடருள் முதல்வர் என்று அவர் பெயர் நூலில் நிற்கிறது. விதியே ஒருவர் வீழ்ச்சியிலிருந்து பிறந்ததாயின், வீழ்ந்தவர் அவ்விதிக்கு அயலார் ஆவரோ?

சாவத்தி நகரத்துச் சித்தஹத்தர் என்பவர் துறவு பூண்டு, மனம் மாறி, வீடு திரும்பினார், மறுபடியும் துறவு பூண்டார், மறுபடியும் திரும்பினார். இவ்வாறு ஆறு முறை. ஏழாம் முறை வந்தபோது, சிரைத்துச் சிரைத்து உமது தலை சாணைக்கல் ஆயிற்றே என்று பிக்குகள் பரிகசித்தனர். ஆயினும் அவரை ஏற்றனர். அம்முறை அவர் அருகதநிலை எய்தினார். அப்போது பகவான் தமது முற்பிறப்பு ஒன்றைக் கூறினார் என்று உரைநூல் சொல்லும். அதுவே குத்தால ஜாதகம். போதிசத்துவர் காசியில் தோட்டக்காரராய்ப் பிறந்து, மண்வெட்டி ஒன்றால் கீரையும் காயும் பயிரிட்டு வாழ்ந்தார். துறவு பூண்டு போனார். ஆனால் மறைத்து வைத்திருந்த அம்மண்வெட்டியின் நினைவு இழுக்க, ஆறு முறை திரும்பி வந்தார். ஏழாம் முறை, அது விழும் இடம் தமக்கே தெரியாதிருக்கும் பொருட்டுக் கண்களை மூடிக்கொண்டு, மண்வெட்டியைச் சுழற்றி ஆற்றில் எறிந்து, "வென்றேன்" என்று முழங்கினார்.

அன்பர்களே, ஈண்டு இரண்டு பாடங்கள் உள. புத்தராகப் போகிறவரே ஆறு முறை வீழ்ந்தார் என்பது ஒன்று. ஏழாம் முறை வென்றது உறுதியை மட்டும் கூட்டியதால் அன்று, மண்வெட்டியை எறிந்ததால் என்பது மற்றொன்று. அவர் மனத்தோடு மட்டும் போராடவில்லை; மனத்தை இழுக்கும் பொருளையே எட்டாதபடி செய்தார்.

இன்றைய அறிவியலும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆராய்ச்சியாளர் 96 பேரைக் கொண்டு செய்து 2010 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானே நடக்கும் நிலைக்கு வர ஆளுக்கேற்ப 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம், நடுவளவு 66 நாள் என்று கண்டனர். இடையே ஒருநாள் தவறியதனால் பழக்கம் படிவது பெரிதும் கெடவில்லை என்றும் கண்டனர். குடியை விட்டோர் மீண்டும் வீழ்வதை ஆராய்ந்த அமெரிக்க உளநூலறிஞர் ஆலன் மார்லட், ஒருமுறை வழுவுதல் வேறு, பழைய நிலைக்கே திரும்புதல் வேறு என்று பிரித்தார். முன்னதைப் பின்னதாக்குவது, "எல்லாம் போயிற்று" என்னும் குற்ற எண்ணமே என்றும் காட்டினார்.

"ஆனால் இது சலுகையாகிவிடாதா? எப்போதும் ஒட்டிக்கொள்ளலாம் என்று அறுத்துக்கொண்டே இருப்பானே!" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. பிறகு ஒட்டலாம் என்று தானே இழையை அறுப்பவன் நூற்பவன் ஆகான். மேலும், சீலத்தை மீண்டும் ஓதியதனால் செய்த வினையின் பயன் மறைந்துவிடாது. குடித்துச் செலவழித்த கூலி திரும்பாது. அடிபட்ட பிள்ளையின் அச்சம் ஒருநாளில் போகாது. என் தாயின் சொல் எனக்குக் கிட்டாது. மீண்டும் ஏற்பது வினையை அழிப்பதற்கன்று. அடுத்த வினையைச் செய்யாதிருப்பதற்கே.

ஆதலின் வழுவியவர் செய்யத்தக்கன நான்கு.

முதலாவது, காலம் தாழ்த்தாதீர். அடுத்த பௌர்ணமிக்குக் காத்திராமல், தெளிந்த அக்காலையிலேயே, நம்பத்தக்க ஒருவர் முன்னிலையில் சீலம் ஏற்பீராக.

இரண்டாவது, மறைக்காதீர். நடந்ததை மனைவியிடம் உள்ளவாறு கூறி, செலவழித்த தொகையையும் சொல்லிவிடுவீராக. மறைத்த குற்றமே இரண்டாம் நாள் கடைக்கு வழிகாட்டும்.

மூன்றாவது, காரணத்தைத் தேடுவீராக. ஒரே கதிரில் இழை திரும்பத் திரும்ப அறுந்தால், அக்கதிரில் என்ன பழுது என்று மேஸ்திரியை அழைத்துக் காட்டுவோம். எந்த நாள், எந்த வேளை, எந்தத் தெரு, யார் துணை என்று பாருங்கள். என் மண்வெட்டி, சம்பள நாளில் கையில் இருந்த பணமும் ஆலை வாயிலிலிருந்து கடை வழியாகச் சென்ற தெருவுமே. பணத்தை வாயிலிலேயே மனைவி கையில் கொடுத்தேன். வேறு தெரு வழியே சுற்றி நடந்தேன்.

நான்காவது, காலியான வேளையை நிரப்புவீராக. மாலை ஏழு மணிக்கு வேறு வேலை இல்லாதவனைப் பழைய வேலை வந்து அழைக்கும். நான் அவ்வேளையில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினேன்; இன்று இக்கட்டுரை எழுதுவது அதன் பயனே.

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாய்க் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை முதலியன கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். அன்னார் மருத்துவரிடம் காட்டியே நிறுத்துதல் வேண்டும். மருந்து உண்பது உறுதிக் குறைவு அன்று.

சங்கத்தார்க்கும் ஒரு சொல். ஒரு கதிரில் இழை அறுந்தால் அக்கதிரைப் பார்ப்போம். எல்லாக் கதிரிலும் அறுந்தால் அறையின் காற்றில் ஈரம் குறைந்ததோ என்று பார்ப்போம். ஒரு தெருவே குடித்தால் ஒருவனை மட்டும் வைது என்ன பயன்? 1956 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள் மது அருந்தேன் என்பதும் ஒன்று. பல்லாயிரவர் ஒன்றுகூடி அதனைச் சொன்னார்கள். கூடிச் சொன்னதைத் தனித்துக் காத்துக்கொள் என்று ஒருவனை விட்டுவிடுவது முறையோ? இரண்டு வாரம் விகாரைக்கு வராத சகோதரரின் வீட்டுக்கு நாம் போதல் வேண்டும். "அவரே வரட்டும்" என்பது நமக்கு எளிது. வெட்கத்தால் கட்டுண்டவருக்கு அரிது. அந்த முதியவர் என் இயந்திரத்தருகே வராதிருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

தலை கவிழ்ந்திருந்த அச்சகோதரரும் நானும் அன்றிரவே விளக்கின் முன் நின்று ஐந்து சீலங்களையும் முழுமையாய் ஓதினோம். அவர் இனி வழுவவே மாட்டார் என்று நான் எழுதவில்லை. வழுவினால் மறுநாள் காலை என் வீட்டுக் கதவைத் தட்டுவதாக வாக்களித்திருக்கிறார். அது எனக்குப் போதும்.

எல்லா உயிர்களும் நலம் பெறுக! வீழ்ந்தோர் யாவரும் எழுக!