நான்காமவர் எங்கே?

பிறர் பட்ட துன்பத்திலிருந்து நாம் ஓர் உண்மையைக் கற்றுக்கொண்டால், அவருக்கு நாம் கடன்பட்டவர்கள் ஆகிறோமா? ஆகிறோம் என்றால், அக்கடன் எந்த நாளில் தீருகிறது? மூளையைப் பற்றிய அறிவு ஆண்டுதோறும் விரிந்துவரும் இக்காலத்தில், இவ்வினா அறிஞர்களுக்கு மட்டுமே உரியது என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நோயுற்ற ஒருவர் தம் மண்டையோட்டைத் திறக்க இசைந்த பிறகே அவ்வறிவின் பல பகுதிகள் பிறக்கின்றன. அவ்வாறு இசைந்த ஒரு பெண்ணின் வாழ்வை முன்வைத்து இவ்வினாவைச் சற்றே சிந்திப்போம்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 2010-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கிற்று. மருந்துகளுக்கு அடங்காத வலிப்பு நோயாளர் பதினைந்து பேர் அதில் பங்கேற்றனர். அவர்களுடைய மூளையின் மேற்பரப்பில் மின்முனைகள் பதிக்கப்பட்டன. அவை திரட்டிய மின்னலைகளை, மார்பின் மேற்புறத்தில் தோலுக்கடியில் வைக்கப்பட்ட சிறு கருவியொன்று கம்பியின்றி வெளியே அனுப்பியது. கணிப்பொறி நிரல் ஒவ்வொருவருடைய அலைகளையும் தனித்தனியே பயின்று, வலிப்புக்கு முன் அவரவர் மூளையில் தோன்றும் மாற்றத்தை அடையாளம் காணக் கற்றது. நோயாளரின் கையிலிருந்த மற்றொரு கருவியில் விளக்குகள் எரிந்தன. சிவப்பு எரிந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு மிகுதி. வெள்ளை எரிந்தால் நடுத்தரம். நீலம் எரிந்தால் குறைவு.

வலிப்பு நோயை அருகிலிருந்து கண்டவர்கள் இதன் அருமையை உணர்வார்கள். அந்நோயின் கொடுமை வலிப்பு வரும் சில நிமிடங்களோடு முடிவதில்லை. எப்போது வரும் என்று தெரியாத அச்சம் மற்ற நேரம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது. அடுப்பருகே நிற்க அச்சம். குளத்தில் இறங்க அச்சம். தெருவைக் கடக்க அச்சம். பெற்ற குழந்தையைக் கையில் ஏந்தவும் அச்சம். முன்கூட்டியே எச்சரிக்கும் ஒரு விளக்கு அத்தகையவருக்கு நாளின் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது.

இந்த ஆய்வில் பங்கேற்ற ஒரு பெண்மணி ஐம்பது வயதை நெருங்கியவர். குழந்தைப் பருவம் முதலே வலிப்பு நோயோடு வாழ்ந்தவர். ஆய்வேடுகள் அவரை ‘ஆறாம் நோயாளி’ என்றே குறிப்பிடுகின்றன. சிவப்பு விளக்கு எரிந்தால் மருந்தை உட்கொள்வார். நீலம் எரிந்தால் அச்சமின்றி வெளியே செல்வார். காலப்போக்கில், தம்மை வேறொரு மனிதராகவே அவர் உணரத் தொடங்கினார். கருவியும் தாமும் ஒன்றாகிவிட்டதாக, தம்மை நேர்கண்ட மெய்யியலாளர் ஃபிரெடெரிக் கில்பர்ட்டிடம் அவர் கூறினார்.

நீண்டகாலம் பதித்துவைக்கும் கருவியால் மனிதருக்கு வலிப்பை முன்னறிவிப்பது இயலக்கூடியதே என்பதை அந்த ஆய்வு காட்டிற்று. அதன் முடிவுகள் 2013-ஆம் ஆண்டு மருத்துவ இதழொன்றில் வெளிவந்தன. ஆனால் கருவியைச் செய்த நியூரோவிஸ்டா என்னும் அமெரிக்க நிறுவனத்திடம் பணம் தீர்ந்துபோயிற்று. பங்கேற்றோர் கருவிகளை அகற்றிக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்பட்டனர். அப்பெண்மணி மறுத்தார். தம் வீட்டை அடகுவைத்தேனும் அக்கருவியை விலைக்கு வாங்கிக்கொள்ள அவரும் அவர் கணவரும் முன்வந்தனர். பயனில்லை. எல்லாருக்கும் கடைசியாக அவருடைய கருவியும் எடுக்கப்பட்டது. அதன்பின் அத்தகைய பாதுகாப்பு உணர்வு தமக்கு மீண்டும் வாய்க்கவில்லை என்று அவர் வருந்தினார்.

கதை இத்துடன் முடியவில்லை. அந்த ஆய்வில் திரட்டப்பட்ட மூளை அலைகளுள் மூவருடையவை 2016-ஆம் ஆண்டு உலகளாவிய போட்டியொன்றுக்குப் பயன்பட்டன. பல நாடுகளைச் சேர்ந்த கணிப்பொறி வல்லுநர்கள் 478 குழுக்களாகப் போட்டியிட்டு, வலிப்பை முன்னறிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நிரல்முறைகளை எழுதியனுப்பினார்கள். செயற்கை நுண்ணறிவு இத்துறையில் முன்னேற அது துணைநின்றது. ஆய்வாளர்கள் தங்கள் தரவுகளைப் பூட்டிவைக்காமல் பொதுவில் வைத்து, ஒருவர் தோளில் ஒருவர் ஏறிநின்று காண்பது போற்றத்தக்க பண்பாடு. அதனைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. எனினும் ஓர் உறுத்தல் நெஞ்சில் நிற்கிறது. நிறுவனம் மறைந்தது, கருவிகள் அகற்றப்பட்டன, அலைகள் மட்டும் உலகெங்கும் தொடர்ந்து உழைத்தன. அறிவு பொதுவுடைமை ஆயிற்று. இழப்போ தனியொருவரின் உடைமையாகவே நின்றுவிட்டது.

நீதியின் பக்கம் நின்று எதிர்வாதங்களையும் நாம் கேட்க வேண்டும். பங்கேற்றவர்கள் இது ஓர் ஆய்வு என்று அறிந்தே கையொப்பமிட்டார்கள், எவரும் ஏமாற்றப்படவில்லை. பழுதானால் சீர்செய்யவோ, மின்கலம் தீர்ந்தால் மாற்றவோ ஆளில்லாத கருவியைத் தலைக்குள் விட்டுவைப்பது ஆபத்து. ஆகவே அதனை அகற்றச் சொன்னதைக் கொடுமை எனல் தகாது. மேலும், ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் வாழ்நாள் முழுவதும் பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டம் வைத்தால், புதிய ஆய்வுக்கு எவர் துணிவார்? நாளை நலம்பெற இருப்பவர்களின் வாய்ப்பை நாமே அடைத்துவிட மாட்டோமா? இவை மூன்றும் எளிதில் தள்ளக்கூடிய வாதங்கள் அல்ல.

ஆயினும் முதல் வாதத்தை உற்று நோக்குவோம். கையொப்பமிட்ட நாளில் அப்பெண்மணி அறிந்திருந்தது என்ன? தொற்று வரலாம், குருதிக்கசிவு நேரலாம், கருவி பயன்படாமலே போகலாம் என்பன போன்ற தீங்குகளைப் படிவம் சொல்லும். கருவி நன்கு பயன்பட்டு, அதனால் தாம் புதியதொரு மனிதராக மாறி, பின்னர் அந்தப் புதிய வாழ்வை விட்டுக்கொடுக்க நேர்வது எப்படி இருக்கும் என்பதை எந்தப் படிவம் சொல்லும்? அச்சத்தோடு வாழ்ந்த ஒருத்தி ஒப்புதல் தந்தாள். அச்சம் நீங்கி வாழ்ந்த ஒருத்தியிடம் அந்த ஒப்புதல் நிறைவேற்றப்பட்டது. பெயர் ஒன்றே, ஆனால் கொடுக்க வேண்டியது ஒன்றல்ல. தம் மாற்றத்தை நோயாளியால் முன்னறிய இயலாது. தன் வீழ்ச்சியை நிறுவனத்தால் முன்னறிய இயலும். பணம் தீரக்கூடும் என்பது எந்த வணிகருக்கும் தெரிந்த செய்தி. முன்னறிய வல்லவர் எவரோ, அவர் மேலேயே பொறுப்பின் பெரும்பங்கு விழுகிறது.

இன்னொன்றும் உண்டு. நிரல் கற்றது யாரிடமிருந்து? அவருடைய மூளையிலிருந்து. அவரும் அந்த விளக்குகளைப் பார்த்துத் தம் வாழ்வை நடத்தக் கற்றுக்கொண்டார். இருவர் சேர்ந்து கற்ற கல்வி அது. ஒரு பாதி அவருடைய உள்ளத்திலும், மறுபாதி கருவியிலும் இருந்தது. அம்மறுபாதி முழுக்க முழுக்கக் கம்பெனியின் சொத்து என்று கூறுவது சட்டத்துக்குச் சரியாகலாம். மனச்சான்றுக்கு அது போதுமா?

இது ஒரே ஒருவருக்கு நேர்ந்த விபத்து என்று ஆறுதல்கொள்ளவும் வழியில்லை. பார்வையிழந்தோரின் விழித்திரையில் அறுபது மின்முனைகளைப் பதித்து, ஒளியின் சாயலை உணரச்செய்யும் கருவியை அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் ஆக்கியது. விழித்திரையும் நரம்புத் திசுவே. கருவில் மூளையிலிருந்தே அது கிளைத்து வளர்கிறது. உலகெங்கும் 350-க்கும் மேற்பட்டோர் அக்கருவியைப் பெற்றனர். 2019-ஆம் ஆண்டு நிறுவனம் அதன் உற்பத்தியை நிறுத்தியது. 2020-இல் ஊழியர்களுள் பெரும்பாலோரை அனுப்பிவிட்டது. வெளிப்புறக் கண்ணாடி பழுதானால் மாற்றுவதற்கும், கருவியில் கோளாறு நேர்ந்தால் கேட்பதற்கும் ஆளில்லாமல் அவர்கள் திகைத்தார்கள். கண்ணுக்குள் கருவி இருந்தது. அதற்குப் பொறுப்பானவர் இல்லை.

இன்றைய முன்னேற்றம் இதனினும் வியக்கத்தக்கது. தசைகளை இயக்கும் நரம்புகள் சிதைந்து, பேச்சுக் குழறிப்போன ஒருவரின் மூளையில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து அறிஞர்கள் 2023-ஆம் ஆண்டு 256 மின்முனைகளைப் பதித்தனர். அவர் பேச முயலும்போது எழும் சைகைகளைச் செயற்கை நுண்ணறிவு சொற்களாக மாற்றியது. ஒரு இலட்சத்து இருபத்தைந்தாயிரம் சொற்கள் கொண்ட தொகுதியிலிருந்து ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சொற்கள் சரியாக வந்தன. நோய்க்கு முன்பு அவருக்கிருந்த குரலைப் போன்ற குரலிலேயே கணிப்பொறி அவற்றை ஒலித்தது. 2024-இல் வெளியான இச்செய்தியைப் படிக்கும்போது உள்ளம் நெகிழ்கிறது. மனைவியும் குழந்தையும் தம் பேச்சைப் புரிந்துகொள்ளும் இன்பத்தைவிட ஒரு மனிதருக்கு வேறென்ன வேண்டும்? அதனால்தான் நம் வினா மேலும் கூர்மையாகிறது. கொடை எத்துணைப் பெரிதோ, அதனைப் பறிகொடுக்கும் துயரமும் அத்துணைப் பெரிது.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார்: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அம்மருந்தை முறைப்படி தந்து பேணுபவர். நான்காமவரை அவர் மருத்துவத்துக்கு வெளியே நிற்கும் ஏவலராகக் கருதவில்லை; மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே எண்ணினார். அவர் இல்லையெனில் மருத்துவமே முழுமையற்றது என்பது இதன் உட்பொருள். எரிகோவுக்குச் செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கியெடுத்த அந்தச் சமாரியரும் காயங்களைக் கட்டியதோடு நிற்கவில்லை. சாவடிப் பொறுப்பாளரிடம் பணம் தந்து, மேலும் ஆகும் செலவுக்கும் தாமே பொறுப்பேற்றுச் சென்றார் என்பதை நாம் அறிவோம்.

மெல்போர்னில் நோயாளி இருந்தார், மருத்துவர் இருந்தார், மருந்தாகிய கருவியும் இருந்தது. நான்காமவருக்கு மட்டும் எவரும் இடம் ஒதுக்கவில்லை.

அந்த இடத்தை நிரப்புவது இயலாத செயலா? உலக மருத்துவச் சங்கம் 1964-ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் வெளியிட்ட ஆய்வு நெறிகளை, 2024-இல் அதே நகரில் திருத்தி அமைத்தது. ஓர் ஆய்வால் நன்மை பெற்று, அது முடிந்த பின்னும் அச்சிகிச்சை தேவைப்படுவோருக்கு என்ன ஏற்பாடு என்பதை ஆய்வு தொடங்குமுன்பே வகுக்க வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. விலக்கு வேண்டுமெனில் நெறிமுறைக் குழுவின் இசைவு வேண்டும். வழி இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. ஆய்வுப் பணத்தில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே தனி நிதியாக ஒதுக்கிவைக்கலாம். ஒரு நிறுவனம் வீழ்ந்தால் மற்றொன்று பேணுவதற்கு ஏற்றபடி கருவிகளின் அமைப்பைப் பொதுவில் வைக்கலாம். அலைகளை உலகத்தோடு பகிர்ந்துகொள்ளத் தெரிந்த ஆய்வுச் சமூகம், அவ்வலைகளைத் தந்தவரைப் பேணும் சுமையையும் பகிர்ந்துகொள்ளலாம். இதனால் ஆய்வு சற்று மெதுவாக நடக்கக்கூடும், செலவும் கூடும். ஆயினும், ஒருவர் மட்டும் சுமக்கும் பளுவைப் பலர் பகிர்ந்துகொள்வதற்கு ஆகும் செலவு அது. வீண் செலவு ஆகாது.

நம் இல்லங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் கணிப்பொறித் துறைக்குச் செல்கிறார்கள். அவர்களுள் ஒருவர் நாளை ஒரு மூளையின் அலைகளைத் தம் திரையில் காணலாம். எண்களின் நீண்ட வரிசையாக மட்டுமே அவை தோன்றும். அவ்வரிசைக்குப் பின்னால், சிவப்பு விளக்கை நம்பி மருந்து உட்கொண்டு, நீல விளக்கை நம்பித் தெருவில் இறங்கி நடந்த ஒரு மனிதர் இருக்கக்கூடும் என்று அப்பிள்ளைக்கு இன்றே சொல்லிவைப்போம். “இவர் இப்போது எப்படி இருக்கிறார்? இவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” என்று வேலையைத் தொடங்குமுன் அப்பிள்ளை ஒருமுறை கேட்கட்டும்.