இனத்துக்கொரு குணமா?

ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு முகம் இருப்பதுபோல, ஒவ்வொரு தேசத்தாருக்கும் ஒரு சுபாவம் உண்டு என்று கூறுவது உலக வழக்கமாயிருக்கிறது. ஐரோப்பாவில் இவ்வழக்கம் நகைச்சுவைக்குப் பெருந்தீனி. ஜெர்மானியன் நாளை வரப்போகும் கேட்டுக்கு இன்றே கவலைப்படுவான். ருஷ்யன் நேற்று வந்துபோன கேட்டை நினைத்து ஏங்குவான். பின்லாந்துக்காரனோ இரண்டையும் எண்ணி வாய் திறவாதிருப்பான் என்பர். கிழக்கு ஐரோப்பியர் சொல்லும் வேடிக்கை ஒன்றுண்டு. "இதைவிடக் கேடான நிலைமை இனி வரமுடியாது" என்றானாம் சோர்வுவாதி. "ஏன் வராது? கட்டாயம் வரும்!" என்றானாம் நம்பிக்கைவாதி.

கேட்டுச் சிரிக்கலாம், குற்றமில்லை. ஆனால் சிரித்து முடிந்தபின், இவை மெய்தாமா என்று ஆராய்வது அறிவுடையோர் கடமையன்றோ?

பதினெட்டாம் நூற்றாண்டில் மனச்சோர்வுக்குப் பெயர்போனவர் ஆங்கிலேயரே. ஜார்ஜ் செய்னி என்னும் மருத்துவர் 1733-இல் நரம்புத் தளர்ச்சியைப் பற்றி எழுதிய நூலுக்கு 'ஆங்கில நோய்' என்றே பெயரிட்டார். 1748-இல் பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியு, ஆங்கிலேயர் காரணமின்றித் தற்கொலை செய்துகொள்கின்றனர் என்று எழுதி, பழியை அந்நாட்டுச் சீதோஷ்ணத்தின்மீது சுமத்தினார். அடுத்த நூற்றாண்டில், வாழ்வே துன்பம் என்ற ஷோப்பனோவரால் அப்பட்டம் ஜெர்மனிக்குச் சென்றது. ஆனால், இருக்கக்கூடிய உலகங்களில் இவ்வுலகமே மேலானது என்று 1710-இல் வாதித்த லைப்னிட்ஸும் ஜெர்மானியரே! லிஸ்பன் நகரைப் பாழாக்கிய 1755-ஆம் ஆண்டுப் பூகம்பத்தின் பின், 1759-இல் 'காண்டீட்' என்னும் கதையால் அந்நம்பிக்கையை எள்ளி நகையாடிய வால்டேரோ, களிப்புக்குப் பெயர்பெற்ற பிரான்சின் புதல்வர். வாழ்வின் வெறுமையை இடைவிடாது பாடிய லியோபார்டி (1798–1837) பிறந்தது வெயிலும் இசையும் மிகுந்த இத்தாலியில். வாய் திறவாத பின்லாந்தோ, மக்கள் தம் வாழ்வுக்குத் தாமே இடும் மதிப்பெண்ணைக் கொண்டு ஆக்கப்படும் உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் 2025 வரை ஒவ்வோராண்டும் முதலிடம் பெற்றது.

மண்ணும் மழையும் மாறவில்லை. பட்டம் மட்டும் நாடு விட்டு நாடு மாறியது. ஆகவே, சுபாவம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி பார்ப்பவர் கண்ணிலும், மக்கள் வாழ நேர்ந்த நிலைமையிலும் இருக்கிறதேயன்றி இரத்தத்தில் இல்லை. ஸ்டாலின் ஆட்சியில் வேடிக்கை பேசியதற்காகவே சிறை சென்றோர் உண்டு. அவ்வாறிருந்தும் ஜனங்கள் பேசினர். அதைச் சோர்வு என்பதா, துணிவு என்பதா?

தேசத்துக்குத் தேசம் வேறுபாடே இல்லையா என்று சிலர் கேட்கலாம். உண்டு. ஆனால் அவை பழக்கங்கள். பழகியதை மாற்றவும் கூடும். பிறவிக்குணம் என்று முத்திரையிட்டாலோ மாற்றத்துக்கு வழியே அடைபட்டுவிடும்.

வேடிக்கை, சமமானவர்களிடையே பேசப்படும் வரையில் வேடிக்கை. ஆள்வோன் வாயிலிருந்து கூலிக் கணக்கில் ஏறும்போது அது அநீதி. மலாய்க்காரர் சோம்பேறிகள், தமிழர் அடங்கி நடப்பவர் என்று அக்காலத் துரைமார் சொன்னது எதற்காக? முதற்கூற்று, குடியேற்ற ஆட்சியின் சுரண்டலுக்கு உதவிய கட்டுக்கதை என்பதைச் சையத் ஹுசைன் அலாத்தாஸ் 1977-இல் நூலெழுதி நிலைநாட்டினார். இரண்டாவதற்கு நம் தோட்டப் பாட்டாளிகளே விடை சொன்னார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்த அவர்கள், கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற இழிவும் ஒழிய வேண்டுமென்றார்கள். அதை அடக்கத் துருப்புக்கள் வந்தன; உயிர்களும் பலியாயின. அடக்கம் நம் சுபாவமாயிருந்தால் துருப்புக்களுக்கு என்ன வேலை?

இதை அறிந்த நாமே அயலாரை நோக்கி, "அந்த இனத்தான் புத்தி அப்படித்தான்" என்று பேசலாமா? நமக்குள்ளேயே சாதியைச் சொல்லி ஒருவன் குணத்தை அளப்பதும் இதே பொய்யின் வேறோர் உருவமல்லவா? நம்மை அளந்த கோல் பொய்க்கோல் என்று கண்டபின், அதே கோலை எடுத்துப் பிறரை அளப்பது நேர்மையாகாது. அதை முறித்தெறிவதே முறை.