தழை போகும் இடம்

தென்னையில் ஏறிக் காய்ந்த மட்டையையும் பன்னாடையையும் இறக்குகிறார்கள். மின்கம்பியில் உரசும் வேப்பங்கிளையைக் கழிக்கிறார்கள். கூலி பேசும்போதே வீட்டுக்காரர் ஒரு நிபந்தனையையும் சேர்த்துவிடுகிறார்: "தழையெல்லாம் நீங்களே அள்ளிக்கிட்டுப் போயிடணும்." கடலூரிலும் சிதம்பரத்திலும் தோட்ட வேலை, மரம் வெட்டும் வேலை செய்பவர்கள் இதைக் கேட்காத நாள் குறைவு. எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள் என்ற கேள்விதான் அரிதாகக் கேட்கப்படுகிறது. தழை ஏற்றிய குட்டியானை வண்டி தெருமுனையைத் தாண்டியதும் வாசல் சுத்தமாகிவிடுகிறது. அதன் பிறகு அந்தத் தழை யாருடையது?

2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதற்கு ஒரு விடை தந்தன. தோட்டக் கழிவை வீட்டு வளாகத்துக்குள்ளேயே தனியாகச் சேர்த்துவைத்து, உள்ளாட்சி சொல்லும் முறைப்படி அகற்ற வேண்டும். தெருவிலோ, பொது இடத்திலோ, வடிகாலிலோ, நீர்நிலையிலோ எறியவும் எரிக்கவும் புதைக்கவும் கூடாது என்றன அந்த விதிகள். இந்தக் கடமை கழிவை உண்டாக்குபவருடையது. அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று அல்மித்ரா பட்டேல் தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தடை செய்தது. சாதாரண எரிப்புக்கு 5,000 ரூபாயும் பெருமளவு எரிப்புக்கு 25,000 ரூபாயும் கட்ட வேண்டும் என்றது. எது கூடாது என்பதில் குழப்பமில்லை. அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளரிடம் கழிவை ஒப்படைக்க வேண்டும் என்றும் விதி சொன்னது. ஆனால் கூலிக்கு மரம் வெட்டி, அதே வண்டியில் தழையை ஏற்றிச் செல்பவர் அந்தக் கணக்கில் வரவே இல்லை. வீட்டுக்காரரின் கடமை எங்கே முடிகிறது, வண்டிக்காரருடையது எங்கே தொடங்குகிறது என்பது இருட்டாகவே கிடக்கிறது.

இலைதானே, மக்கிப்போகும் என்பது வழக்கமான பதில். அதில் உண்மை இல்லாமலில்லை. மரத்தடியில் விழும் சருகு மண்ணுக்கு உணவு. அதைக் குப்பை என்று அழைப்பதே அநியாயம். ஆனால் தழை கொட்டப்படும் கால்வாய் மரத்தடி அல்ல. சிதம்பரம் காவிரிப் படுகையின் கடைமடையில், கொள்ளிடத்துக்கு வடக்கே, மிகத் தட்டையான நிலத்தில் இருக்கிறது. மழைநீர் அங்கே ஓடி வடிவதில்லை, ஊர்ந்து வடிகிறது. அங்குள்ள கான் சாகிப் கால்வாயிலோ பாசிமுத்தான் ஓடையிலோ விழும் ஒரு வண்டித் தென்னை மட்டை மதகில் போய்ச் சிக்கினால், மேலே தேங்கும் நீர் ஒருவர் வீட்டுக்குள் நுழைகிறது. கீழே நீர் வராமல் இன்னொருவர் வயல் காய்கிறது. தேங்கிய நீரில் தழை அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளியும் தீர்ந்துபோகிறது. ஆற்றோரத்தில் குவித்த மட்டையும் அடிமரமும் மக்கத் தொடங்கினால் காண்டாமிருக வண்டு அங்கே முட்டையிடுகிறது. வளர்ந்த வண்டு பக்கத்துத் தோப்பின் குருத்தைத் துளைக்கிறது. ஒரு வீட்டுத் தென்னையைச் சுத்தம் செய்த செலவில் ஒரு பகுதியை, அந்த வீட்டைப் பார்த்தே இராத விவசாயி கட்டுகிறார்.

தழையோடு தழை மட்டும் போவதுமில்லை. நாற்று வந்த கறுப்புப் பாலித்தீன் பை, கிழிந்த நிழல்வலை, பூச்சிமருந்து டப்பா எல்லாம் ஒரே சாக்கில் ஏறுகின்றன. ஒருவர் தழை கொட்டிய இடத்தில் அடுத்தவர் வீட்டுக் குப்பையைக் கொட்டக் கூசுவதில்லை.

வண்டியேறிய கழிவு யாருடையது என்ற கேள்விக்கு பிரிட்டன் சட்டத்தால் பதில் சொல்லப் பார்த்தது. கழிவைத் தொழிலாக ஏற்றிச் செல்பவர் பதிவு செய்துகொள்ள 1989-இல் ஒரு சட்டம் வந்தது. மறு ஆண்டு வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் கழிவை உண்டாக்குபவர், ஏற்றுபவர், வாங்கிக்கொள்பவர் எல்லோர் மீதும் பொறுப்பைச் சுமத்தியது. வாடிக்கையாளர் வீட்டில் வெட்டிய புல்லைத் தன் வேனில் எடுத்துப்போகும் தோட்டக்காரரும் அந்தப் பதிவுக்கு உட்பட்டவர். அப்படியிருந்தும் இங்கிலாந்தின் உள்ளாட்சிகள் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சட்டவிரோதக் கொட்டல்களைப் பதிவு செய்கின்றன. பதிவேடு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இது போதிய மறுப்பு. ஆனாலும் அந்த முறையில் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு: கழிவைக் கொடுத்தவர், கொடுத்ததோடு கைகழுவிவிட முடியாது.

இது நம்முடைய நீதி உணர்வுக்கு அந்நியமானதுமல்ல. 2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைக் கழிவு திருநெல்வேலிக்கு அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டிக் கிடந்தபோது, அதை அள்ளும் பொறுப்பைப் பசுமைத் தீர்ப்பாயம் கேரளத்தின் மீது வைத்தது. லாரிகள் வந்து அள்ளிச் சென்றன. லாரி ஓட்டியவர் யார் என்பதோடு தமிழ்நாட்டு மக்கள் நிற்கவில்லை. எங்கிருந்து வந்தது, யார் அனுப்பியது என்று கேட்டார்கள். மருத்துவக் கழிவின் ஆபத்தும் வேப்பந்தழையின் ஆபத்தும் ஒன்றாகாது. ஆனால் அனுப்பியவருக்கும் பொறுப்புண்டு என்று அங்கே கேட்ட நாம், நம் வாசலிலிருந்து போகும் வண்டிக்கு அதைப் பொருத்திப் பார்க்க மறுப்பது நேர்மையல்ல.

அப்படியானால் கடலூரிலும் தோட்ட வேலை செய்பவர்களைப் பதிவு செய்ய வேண்டுமா? கழிவுநீர் லாரிகளுக்கு உரிமம் கட்டாயமாக்க 2022-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. அதே வழியில் தழை ஏற்றும் வண்டிக்கும் ஓர் எண் கொடுக்கலாம் என்று வாதிடலாம். பதிவு அந்தத் தொழிலுக்கு ஒரு மதிப்பையும் தரும். முறையாகக் கொட்டுபவர், ஆற்றங்கரையில் கொட்டிவிட்டுக் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொள்பவரிடம் வேலையை இழக்காமல் காக்கும். ஆனால் அந்த வேலையைச் செய்பவர்களில் பலருக்குச் சொந்த வண்டி கிடையாது. அன்றைய கூலியில் ஒரு பகுதி வண்டி வாடகைக்கே போய்விடும். அவர்களிடம் உரிமம் கேட்பதற்கு முன்னால், கொட்டுவதற்கு இடம் எங்கே என்று அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் வேண்டும். கடலூர் 2021-இல் மாநகராட்சி ஆனது. அந்த நகரத்தின் குப்பையே கெடிலம் ஆற்றங்கரையில் கொட்டப்பட்டதை ஊர் பார்த்திருக்கிறது. நகரம் கொட்டிய கரையில் கூலிக்காரர் கொட்டினால் மட்டும் அபராதம் என்றால், அது வலுவில்லாதவரைப் பார்த்து நீட்டும் விரல். தழையை வாங்கி, அரைத்து, உரமாக்கும் இடம் வார்டுக்கு எட்டும் தூரத்தில் வந்த பிறகுதான் பதிவைக் கட்டாயமாக்குவது நியாயம்.

இடம் இல்லை என்பது வீட்டுக்காரருக்குச் சாக்காகாது. அவர்தான் மரத்துக்குச் சொந்தக்காரர்; நிழலும் காயும் அவருக்கு. கூலியில் நூறு ரூபாய் குறைக்கப் பேரம் பேசும்போது அவர் குறைப்பது, தூரமாகச் சென்று முறையாகக் கொட்டுவதற்கான டீசலை. அதன் பிறகு வண்டி அருகிலுள்ள ஓடையோரம் நின்றால், அந்தப் பாதையை நூறு ரூபாயால் வரைந்தவர் அவர். வண்டிக்காரரும் முழுக்கக் குற்றமற்றவர் அல்ல. ஓடைக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் தேர்வு செய்ய வசதி இருந்தவர் மீது பாரம் அதிகம் விழ வேண்டும். மரத்தடியில் ஒரு குழி, மூடாக்காகப் பரப்பிய சருகு, துண்டாக நறுக்கிய மட்டை என்று முதலில் வீட்டுக்குள்ளேயே முடிவதை முடிக்கலாம். மிஞ்சுவதற்குக் கொண்டுசெல்லும் கூலியைத் தனியாகக் கொடுத்து, எங்கே இறக்கினீர்கள் என்று கேட்கலாம்.

இந்தப் பொறுப்பு எல்லோருக்கும் பொருந்தாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கியபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தோப்பையே இழந்தவரிடம் உன் கழிவுக்கு நீதான் பொறுப்பு என்று சொல்வது கொடுமை. அப்படிப்பட்ட நாளில் சாய்ந்த மரம் ஊருடைய சுமை. அதை அகற்றும் செலவை அரசுதான் ஏற்க வேண்டும். ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டியின் ஒற்றைத் தென்னைக்கும் அதே இரக்கம் வேண்டும். அவர் வீட்டு மட்டையை மாநகராட்சி வண்டி கூலி கேட்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் செலவை, பெரிய வளாகமும் புல்வெளியும் வைத்திருக்கும் திருமண மண்டபங்களிடமும் விடுதிகளிடமும் கட்டணமாக வாங்கலாம்.