குப்பை வண்டி

அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. கோடை விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு நாள் மதியம், "மாமா, எதிர்காலத்துல நடக்கிற மாதிரி நல்ல அனிமே ஒண்ணு சொல்லுங்க. ஃப்ரெண்ட்ஸ் ஆளுக்கொரு லிஸ்ட் தர்றாங்க. எதுல ஆரம்பிக்கறதுன்னே தெரியல" என்றான்.

லிஸ்ட்டை வாங்கிப் பார்த்தேன். 'அகிரா', 'கோஸ்ட் இன் த ஷெல்', 'கௌபாய் பீபாப்', 'சீரியல் எக்ஸ்பெரிமென்ட்ஸ் லெயின்', 'சைக்கோ-பாஸ்'. எல்லாமே நல்லவைதான். ஆனால் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டால் ரசிகர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள்: அப்போதே இதையெல்லாம் கணித்துவிட்டார்கள் என்று. 1988-இல் வந்த 'அகிரா'வில் கதை நடப்பது 2019-இல். மறுவருடம் டோக்கியோவில் ஒலிம்பிக் நடக்கப்போகிறது என்று அதில் வரும். 2020 ஒலிம்பிக் நிஜமாகவே டோக்கியோவுக்குக் கிடைத்து, தொற்றுநோயால் ஒரு வருடம் தள்ளியும் போனபோது, அந்தப் படத்தின் காட்சிகளைக் கைபேசியில் அனுப்பிக்கொள்ளாத ரசிகர் இல்லை. எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் ஒரு வருடக் கணக்குப் பலித்ததற்காக ஒரு பையனை இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் உட்கார்ந்ததும் அதற்காக இல்லை.

கல்லூரி விடுதியில் என் அறை நண்பன் ஒரு சிடியைக் கையில் கொடுத்தான். மார்க்கரில் அவன் எழுதியிருந்தது படத்தின் பெயரை அல்ல, 'குப்பை வண்டி' என்று. "அந்தக் குப்பை வண்டிக்காரன் வர்ற இடத்தை மட்டும் கவனமாப் பாருடா" என்றான். மமோரு ஓஷியி 1995-இல் இயக்கிய 'கோஸ்ட் இன் த ஷெல்' அது. கதை நடப்பது 2029-இல். மூளையே கணினி வலையோடு பிணைந்துவிட்ட காலம். குப்பை அள்ளும் வண்டியின் ஓட்டுநர் ஒருவன், தன்னை விட்டு விலகப் பார்க்கும் மனைவியின் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க, வண்டி நிற்கும் இடங்களில் இருக்கும் பொதுத் தொலைபேசிகளிலிருந்து ஒரு புரோகிராமை ஏவுகிறான். பிடிபடுகிறான். விசாரணை அறையில் அவனிடம் சொல்கிறார்கள்: உனக்கு மனைவி இல்லை. மகளும் இல்லை. பல வருடமாகத் தனியாகத்தான் இருக்கிறாய், அந்த நினைவுகளை எவனோ உன் தலைக்குள் வைத்திருக்கிறான். மகள் சிரிக்கிறாள் என்று அவன் நம்பிய புகைப்படத்தைக் காட்டுகிறார்கள். அதில் அவனும் ஒரு நாயும்தான் இருக்கிறார்கள். இந்தப் பொய் நினைவை எப்படி எடுப்பது என்று அவன் கேட்கிறான். உறுதியாக எடுத்துவிட முடியும் என்று சொல்ல யாராலும் முடியவில்லை.

சிடியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அந்தப் படத்தில் பீரங்கி வண்டியோடு நடக்கும் சண்டையைப் பற்றித்தான் நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, நீயே வெச்சுக்கோ" என்றான். மூன்றாம் வருடத்தில்தான் எனக்குத் தெரியவந்தது, அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே அவன் அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டார் என்பது. அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார், உன்னைப் பற்றித்தான் எப்போதும் கேட்பார் என்று அம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறார். பத்தாம் வகுப்புவரை அந்த அப்பாவோடுதான் அவன் வாழ்ந்திருக்கிறான். இப்படி ஒரு காட்சியை ஒருவன் நம்மிடம் கொடுக்கும்போது அவன் படத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்தப் பேச்சை அவன் பிறகு எடுக்கவே இல்லை.

இல்லாத ஒருத்தி மேல் வைத்த பாசம் பொய்யா? அந்த ஓட்டுநர் விட்ட கண்ணீர் யாருக்கானது? இந்தக் கேள்விக்கு 2029 வரை காத்திருக்கத் தேவையில்லை. சோனி நிறுவனம் 1999-இல் ஐபோ என்ற ரோபோ நாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2006-இல் தயாரிப்பை நிறுத்தி, 2014-இல் பழுதுபார்ப்பையும் நிறுத்தியது. உயிரில்லாத அந்த நாய்களுக்கு அதன் பிறகு சாவு வரத் தொடங்கியது. சிபா மாநிலத்தில் இசுமி என்ற ஊரில் கோஃபுகுஜி என்று ஒரு பௌத்தக் கோயில் இருக்கிறது. உடைந்த ஐபோக்களை வரிசையாக வைத்து, எந்த ஊர், யார் வீட்டு நாய் என்று எழுதிய சீட்டை ஒவ்வொன்றிலும் கட்டி, பிக்கு மந்திரம் ஓதி இறுதிச் சடங்கு செய்தார்கள். அந்தச் சடங்கின் புகைப்படங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. என்னால் சிரிக்க முடியவில்லை. உயிர் நாயில் இல்லாமல் இருக்கலாம். அதைத் தடவிய கையில் இருந்தது.

அதனால் அந்த லிஸ்ட்டில் இல்லாத ஒன்றை அக்கா மகனுக்குச் சொன்னேன்: 'டென்னோ காயில்'. 2007-இல் வந்த தொடர், 26 எபிசோட். 'கோஸ்ட் இன் த ஷெல்' படத்தில் அனிமேட்டராக வேலை செய்த மிட்சுவோ இசோ எழுதி இயக்கியது. கதை நடப்பது 2026-இல். இதில் பறக்கும் கார் கிடையாது, நியான் மழை கிடையாது. ஒரு சாதாரண ஜப்பானிய நகரம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்கள் கண்ணில் ஒரு கண்ணாடி. அதைப் போட்டால் தெருவில் இல்லாதவை தெரியும். யாசகோ என்ற சிறுமி வளர்க்கும் டென்சுகே என்ற நாய்கூடக் கண்ணாடி போட்டால்தான் தெரியும். கூப்பிட்டால் ஓடி வரும், ஆனால் கையை வைத்தால் ரோமம் தட்டுப்படாது. தவறான தரவுகளை அழிக்க நகராட்சி ஒரு ரோபோவைத் தெருவில் விட்டிருக்கிறது. அதற்கு டென்சுகேயும் அழிக்க வேண்டிய பிழைதான். ஆனால் கோயில், பள்ளிக்கூடம், வீடு, இவற்றுக்குள் அது வரக்கூடாது. அவை வேறு துறைகளின் அதிகார எல்லை! நாயை அணைத்துக்கொண்டு பிள்ளைகள் ஷிண்டோ கோயில் வளைவை நோக்கி ஓடும் ஓட்டத்துக்கு நான் பார்த்த எந்தச் சண்டைக் காட்சியையும் ஈடு சொல்ல மாட்டேன்.

ஒரு கட்டத்தில் டென்சுகே இல்லாமல் போகிறது. பெரியவர்கள் கண்ணாடியைப் பிடுங்கி வைக்கிறார்கள். அம்மா யாசகோவைக் கட்டிக்கொண்டு, தொட்டால் சூடு தெரிகிறதே, இதுதான் நிஜம் என்று சொல்கிறாள். அம்மா சொல்வது சரி, அந்தச் சூடும் நிஜம். ஆனால் தொட முடியாத நாய்க்காக நெஞ்சு இவ்வளவு வலிக்கிறதே, அதுவும் நிஜம்தானே என்று அந்தப் பெண் யோசிக்கத் தொடங்குகிறாள். அம்மாவை வில்லியாக்காமல் இசோ இதைச் சொல்லியிருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஊருக்குப் போன பிறகுதான் பையன் அந்த இடத்துக்கு வந்தான். இரண்டு நாள் போன் இல்லை. மூன்றாம் நாள் இரவு கூப்பிட்டு, "இதை ஏன் மாமா எனக்குச் சொன்னீங்க?" என்றான். குரல் கம்மியிருந்தது. அன்று நான் பீரங்கிச் சண்டையைப் பற்றிப் பேசியதுபோல் அவன் எதுவும் பேசவில்லை.

அலமாரியில் பழைய சிடி உறையைத் தேடி எடுத்தேன். அதைப் போட்டுப் பார்க்க இப்போது வீட்டில் ஒரு கருவியும் இல்லை. மார்க்கர் எழுத்து மட்டும் அழியாமல் இருக்கிறது. "என் ரூம்மேட் ஒருத்தன் இருந்தான்டா" என்று அவனிடம் சொல்ல ஆரம்பித்தேன்.